தொட்டியைக் கழுவியதிலிருந்து கோல்டு ஃபிஷ் அடியிலேயே கிடக்கிறது, இது என்ன நோய்?

அல்சூர்_அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகள் கேட்டாள் என்று ஏழு மாதத்துக்கு முன்னால் இரண்டு கோல்டு ஃபிஷ் வாங்கினேன், ஒன்று சாதாரண நீள உடம்பு, இன்னொன்று தலையில் கொண்டை வைத்த ஒரண்டா. 45 லிட்டர் தொட்டி, மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றுவேன், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. பத்து நாள் முன்னால் ஊரிலிருந்து மாமியார் வருகிறார் என்று தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, கூழாங்கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். ஆன்டி குளோரின் சொட்டும் விட்டேன்.

நான்கு நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரண்டா துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்க ஆரம்பித்தது. செவுள் வேக வேகமாக அடிக்கிறது, இடையிடையே மேலே வந்து வாயைப் பிளக்கிறது, வால் ஓரம் கறுத்திருக்கிறது, செவுள் மூடியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வேறு. இன்னொன்றும் நேற்றிலிருந்து மந்தமாக இருக்கிறது. கடையில் சொன்னதும் வெள்ளைப் புள்ளி நோய் என்று நீல மருந்து கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஊற்றவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் நேராகத் தொட்டிக்கு முன்னால்தான் போய் நிற்கிறாள், அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மருந்தை ஊற்றலாமா?

சிவாஜிநகர்_மீன்கள்:
போன வருடம் இதே வெள்ளைப் புள்ளியில் மூன்று மீன் போய்விட்டது, அதனால் பயமாக இருக்கிறது, தாமதிக்காதீர்கள். ஆனால் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். என் மீன்களுக்கு உடம்பு, வால், துடுப்பு என்று எல்லா இடத்திலும் உப்பைத் தூவிவிட்டது போல இருந்தது, கல்லில் போய் உடம்பை உரசிக்கொண்டே இருந்தன. உங்கள் மீன் உரசுகிறதா? இன்னொன்று, அந்தக் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, தண்ணீரில் நீந்தும் நேரத்தில்தான் சாகும். ஒரு நாள் ஊற்றிவிட்டு நிறுத்தியதுதான் நான் செய்த தப்பு.

ராமமூர்த்திநகர்_தொட்டி:
சார், அந்த நீல மருந்தைத் தயவுசெய்து இப்போது திறக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது புள்ளி இல்லை, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவியதுதான்.

மீன் விடுகிற கழிவும் செவுள் வழியாக வெளியேறுகிற கழிவும் தண்ணீரில் அம்மோனியாவாகச் சேரும், கோல்டு ஃபிஷ் இதில் மற்ற மீன்களைவிட ஒரு படி மேல். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தருவதால்தான் மீன் உயிரோடு இருக்கிறது. அந்தக் கூட்டம் உருவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவினால் அத்தனையும் போச்சு. தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். உங்களுக்கு நான்கு நாள் சரியாக இருந்துவிட்டு அப்புறம் மோசமானதும் அம்மோனியா சேர எடுத்த நேரம்தான் என்று நினைக்கிறேன்.

புள்ளிகள் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உங்கள் ஒரண்டா ஆண், இனப்பெருக்கப் பருவத்தில் அதற்கு வருகிற முத்துகள் அவை, நோயே கிடையாது. இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிக் கொன்ற மீன்கள் நிறைய. நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் அழித்துவிடும்.

இன்றே அம்மோனியா, நைட்ரைட், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் மூன்றையும் சோதித்து எழுதுங்கள். சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் கிடைத்தால் நல்லது, தண்ணீரில் முக்கிப் பார்க்கும் பட்டையைவிட அதை நம்பலாம்.

அல்சூர்_அப்பா:
சாயங்காலமே கிட் வாங்கி வந்து பார்த்தேன் சார். அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0.5, பிஹெச் 8. புள்ளி நீங்கள் சொன்ன இடங்களில் மட்டும்தான், உடம்பில் ஒன்றுகூட இல்லை, உரசவும் இல்லை. அழுக்கு போகட்டும் என்று நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேனே, அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. இப்போது என்ன செய்ய?

ராமமூர்த்திநகர்_தொட்டி:
பிஹெச் 8 என்பதுதான் இதில் கவலை. அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு பிஹெச் ஒன்று ஏறினால் கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். அதே 2 பிபிஎம் பிஹெச் 7ல் இருந்திருந்தால் மீன் இவ்வளவு தவித்திருக்காது.

இன்று ராத்திரியே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், நாளையும் பாதி. ஆன்டி குளோரின் போட்டு, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சாப்பாடு நான்கு நாளைக்கு வேண்டாம், கோல்டு ஃபிஷ் தாராளமாகத் தாங்கும், போடாவிட்டால் கழிவும் குறையும். ஏர் பம்பை முழு வேகத்தில் விடுங்கள். நைட்ரைட் இரத்தத்தில் புகுந்தால் ஆக்சிஜனைச் சுமக்க விடாது, அதற்குக் கல் உப்பு உதவும்: லிட்டருக்கு 1 கிராம், உங்கள் தொட்டிக்கு 45 கிராம், தனியாகக் கரைத்து இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். அப்புறம் தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் சேர்த்தால் போதும்.

கொளத்தூர்_பழகியவன்:
ஊற்றப்போகிற தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள் தம்பி. சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், லாரித் தண்ணீரும் காவேரித் தண்ணீரும் கலந்து வரும் வீடுகளில் வாரத்துக்கு வாரம் பிஹெச் மாறும், ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் காற்று விட்டு அப்புறம் அளந்தால்தான் உண்மையான எண் தெரியும்.

நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, காயவிடாமல் கொண்டு வந்து போட்டால் ஆறு வாரக் காத்திருப்பு நன்றாகக் குறையும். இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டும் பிழியுங்கள், பாதிக் கல்லை ஒரு மாதம், மீதியை அடுத்த மாதம் கழுவுங்கள். அப்புறம், 45 லிட்டர் இரண்டு கோல்டு ஃபிஷுக்குப் பத்தாது. அந்த நீள உடம்பு மீன் ஒரு அடி நீளத்துக்குப் பக்கத்தில்கூட வளரும் சாதி, இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவாஜிநகர்_மீன்கள்:
என் தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்ச் ஓடுகிறது, ஒரு வருடமாக எந்த நோயும் இல்லை. நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், டப்பா மட்டும் கொண்டு வாருங்கள்.

அல்சூர்_அப்பா:
ஐந்தாவது நாள் எழுதுகிறேன். சிவாஜிநகர் அண்ணா கொடுத்த ஸ்பாஞ்ச் ஓடுகிறது, நான்கு தடவை பாதித் தண்ணீர் மாற்றியாகிவிட்டது. இன்று காலை அம்மோனியா 0.25, நைட்ரைட்டும் 0.25. ஒரண்டா நேற்றிலிருந்து துடுப்பை விரித்து நடுத் தண்ணீரில் நீந்துகிறது, செவுள் அடிப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் வாலில் கறுப்பு கூடியிருக்கிறது, முதுகிலும் ஒரு திட்டு. திரும்பவும் மோசமாகிறதா?

ராமமூர்த்திநகர்_தொட்டி:
இல்லை சார், அது அம்மோனியா சுட்ட இடம் ஆறும்போது வருகிற கறுப்பு. சில வாரத்தில் தானாக மங்கும், அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். இரண்டு எண்ணும் பூஜ்யத்துக்கு வரும்வரை தினமும் அளந்து தண்ணீர் மாற்றுங்கள். நாளைக்கு ஒரு பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்துப் பிசைந்து, மகள் கையாலேயே கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள்.