பழைய தேக்கில் புத்தக அலமாரி: செய்து பார்த்தவர்கள் சொல்வது

தேவகோட்டையிலிருந்து:

அப்பச்சி சேர்த்த புத்தகங்களுக்கு வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் சுவர் நீளத்துக்கு அலமாரி செய்தோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வந்த ஆசாரியார் மரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "முதல்ல புத்தகத்தை எல்லாம் உயர வாரியாத் தரையில அடுக்குங்க" என்றார். அடுக்கியதும் ஒரு மூங்கில் சிம்பை எடுத்தார். ஒவ்வோர் அடுக்கின் உயரத்துக்கும் மேலே இரண்டு விரல் இடம் விட்டு, உளியால் ஒரு கீறல். வேலை முடியும்வரை அந்தச் சிம்புதான் அவருக்கு அளவுகோல். டேப்பைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் டெமி அளவு, அதாவது 22 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம். ஆகவே பலகை அகலம் 10 அங்குலம் போதும் என்றார். பைண்டு செய்த வார இதழ்களுக்கும் அகராதிகளுக்கும் மட்டும் அடித்தட்டு 12. அதற்கு மேல் அகலம் கொடுத்தால் இரண்டு வரிசையாக வைப்போம், பின்வரிசையில் போனது போனதுதான்.

தம்பிக்கு ஒவ்வொரு கட்டமும், அதாவது நிற்கும் இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள நீளம், நாலடி இருக்க வேண்டும், பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்று ஆசை. ஆசாரியார் ஒரே போடாகப் போட்டார்: "நாலடி விட்டா நடுவுல தொட்டில் கட்டும்." பொறியியல் படித்த மருமகன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரே கனப் பலகையில் நீளம் 3 அடியிலிருந்து 4 ஆனால் தொய்வு மூன்று மடங்குக்கும் மேல். முக்கால் அங்குலக் கனத்தை 1 அங்குலமாக்கினால் தொய்வு பாதிக்கும் கீழே வந்துவிடும். கடைசியில் கட்டம் இரண்டே முக்கால் அடி, பலகை 1 அங்குலம். தம்பி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு கதை.

மரத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஆரம்பித்து, இடித்த வீட்டு மரம் போட்டிருக்கும் இடமெல்லாம் அலைந்தோம். பழைய பர்மா தேக்கு பல காலம் காய்ந்து சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். புது மரம்போல அறுத்த பிறகு முறுக்கிக்கொள்ளாது. தொல்லை என்னவென்றால் உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி. ஆசாரியார் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருந்தார். ஒவ்வொரு உத்தரத்திலும் அதைத் தடவிப் பார்த்து, பிடிக்கும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டுத்தான் விலை பேசவே விட்டார். ஆணி வாளில் மாட்டினால் பல் போய்விடும், அறுப்புக் கூலியும் ஏறும்.

எங்கள் வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புச் சாந்து, கண்ணாடி மாதிரி மழமழப்பு. அதில் துளை போட்டால் சாந்து பெயர்ந்து வரும். அதனால் அலமாரி தன் காலிலேயே நிற்கிறது. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, காற்று போக. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முற்றத்துப் பக்கம் லேசாகச் சரிந்திருப்பது ரசமட்டம் வைத்தபோதுதான் தெரிந்தது. காலுக்குக் காலாகத் தேக்கு ஆப்பு செதுக்கிக் கொடுத்தார்.

மரம் கன அடிக் கணக்கு, கூலி தனி, பாலிஷ் தனி. கழிவுத் துண்டுகள் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

அண்ணே, நீங்கள் மரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கினீர்கள். நாங்கள் ஒரு கடையில் செய்து வைத்ததை "அசல் பர்மா" என்ற பேச்சை நம்பி எடுத்தோம். முகப்பு மட்டும் தேக்கு. உள்தட்டெல்லாம் ஏதோ மரத்துக்குச் சாயம் ஏற்றியது. முதல் மழையிலேயே தட்டு ஈரத்தில் ஊதி இறுகிக்கொண்டு, கதவைச் சாத்த முடியவில்லை. கடைக்காரர் "புத்தகம் கனம் ஜாஸ்தி" என்கிறார். புத்தக அலமாரியில் வேறு எதை வைப்பதாம்? வாங்குபவர்கள் பலகையின் முன்விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர வேண்டும். அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

கோட்டையூரிலிருந்து:

எங்கள் ஊர் ரோஜா முத்தையா அவர்கள் சேர்த்தவை நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஏறக்குறைய ஒரு லட்சம். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் நூலகமானது. இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் எவ்வளவோ பெட்டிக்குள்தான் கிடக்கிறது. அதனால் அலமாரி செய்கிறவர்களைக் கண்டால் எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு போடுகிறவர்கள் மேலும் கீழும் சிறு துளை விடச் சொல்லுங்கள். காற்று அடைபட்டால் ஈரம் தங்கும், புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சி குடியேறும். தட்டுக்கு ஒரு துண்டு வசம்பு துணியில் முடிந்து வைக்கிறேன். வாசனை போனால் மாற்ற வேண்டும். அரக்கு பாலிஷ் போட்டால் கை ஒட்டாமல் காய்ந்து, வாடை போன பிறகே புத்தகம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் புத்தக அட்டை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

தேவகோட்டை அண்ணனுக்கு: உங்கள் ஆசாரியார் கோட்டையூர் வரை வருவாரா? மாடியறைக்கு ஒன்று செய்ய வேண்டும். மரம் வீட்டிலேயே கிடக்கிறது. காந்தத்தோடு வந்தால் போதும்.