செயின் ஆயிலர்: வேக்கம் வகையா, எலக்ட்ரிக்கா?

வண்டி 2021 பிஎஸ்6, 150 சிசி, ஓ-ரிங் (உள்ளே கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையம்) இல்லாத செயின், கவரும் பாதிதான். தினமும் செங்கல்பட்டிலிருந்து ஒரகடம், போக வர 50 கி.மீ. பக்கம், வழியெல்லாம் டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போகும் எம்-சாண்ட். மழையில் ஒரு நாள் நனைந்தால் மறுநாள் காலையில் செயின் செம்பழுப்பாகிவிடுகிறது, சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் விறைப்பு, இன்னோரிடத்தில் தொளதொள.

முதல் செயின் செட் 13,000 கி.மீ.யிலேயே போய்விட்டது, இப்போது இரண்டாவது. வாராவாரம் டீசலில் கழுவி 90 ஆயில் (கெட்டியான கியர் ஆயில்) பிரஷ்ஷால் தடவிப் பார்த்தேன், இரண்டே நாளில் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கிறது. ஸ்பிரே சுத்தமாக இருக்கிறது, மழைக்குத்தான் நிற்கவில்லை. ஷிஃப்ட் வேலையில் வாரம் மூன்று முறை உட்கார நேரமும் இல்லை.

சரி, ஓடும்போதே செயினுக்குத் தானாக எண்ணெய் சொட்டும் ஆயிலரே மாட்டிவிடலாம் என்று இறங்கினேன். ஸ்காட்டாய்லர் மாதிரி வேக்கம் வகை எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில் வேலை செய்வதால், எஞ்சின் ஓடும்போது மட்டும் சொட்டும், அது பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கத்திலிருந்து ட்யூப் எடுக்க வேண்டும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் அங்கே காற்று கசிந்தால் ஐடிலிங் கெட்டுவிடும். எலக்ட்ரிக் பம்பில் அந்தப் பயம் இல்லை, ஒயரிங் வேலைதான் கூடுதல்.

இப்படிச் சின்ன பிஎஸ்6 வண்டியில் ஆயிலர் மாட்டி ஒரு மழைக்காலமாவது ஓட்டியவர்கள் சொல்லுங்கள், பின் டயரில் எண்ணெய் தெறிக்காமல் இரண்டில் எது ஒழுங்காக வேலை செய்தது?