மாடித்தோட்டக் குழுவை வாட்ஸ்அப்பிலிருந்து டிஸ்கோர்ஸ் மன்றத்துக்கு மாற்றுகிறோம்: பிரிவுகள், மட்டுறுத்தல் எப்படி அமைப்பது?

மாடிவிதை கேட்டது:

வணக்கம். எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு 1024 பேர் வரம்பை எட்டிவிட்டது. பழைய பதில்களைத் தேடி எடுக்கவும் முடிவதில்லை. சொந்த சர்வரில் டிஸ்கோர்ஸ் (இணைய மன்ற மென்பொருள்) நிறுவியாயிற்று, இன்னும் திறக்கவில்லை. மட்டுறுத்த (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்த) நான்கு பேர் இருக்கிறோம், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

1. கத்தரி, தக்காளி, கீரை, கொடி வகை, பழம், மூலிகை, உரம், மண்கலவை, சொட்டுநீர் என்று 22 பிரிவு எழுதி வைத்திருக்கிறோம். சரியா?
2. எல்லாப் பதிவையும் நாங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியிடலாமா?
3. விதை, உரம் விற்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது?
4. இயற்கையா, ரசாயனமா சண்டை வாரம் தவறாமல் வரும். அதற்கு என்ன வழி?
5. சட்டப்படி நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

---

சர்வர்சாமி:

22 வேண்டாம், ஆறு போதும்: செடி வளர்ப்பு, பூச்சி-நோய், மண்-உரம்-நீர், விதைப் பரிமாற்றம், பொது அரட்டை, மன்றம் பற்றி. செடிப் பெயர்களை எல்லாம் குறிச்சொல்லாக வையுங்கள். கத்தரிக்காயில் காய்ப்புழு வந்தால் அது கத்தரிப் பிரிவா, பூச்சிப் பிரிவா? புதிதாக வருகிறவருக்குத் தெரியாது, இரண்டிலும் போடுவார். அதை ஒட்ட வைப்பதே உங்கள் நால்வருக்கும் வேலையாகிவிடும். மேலும் 22 பிரிவில் 15 காலியாகக் கிடந்தால் மன்றமே காலி என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு குறிச்சொல்லில் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து இழை (ஒரு தலைப்பும் அதன் பதில்களும்) வரும்போது அதைத் தனிப் பிரிவாக்கலாம். பிரிப்பது சுலபம். இரண்டைச் சேர்க்கப் போனால் ஆளாளுக்கு வருத்தப்படுவார்கள்.

பூச்சி-நோய்ப் பிரிவின் அமைப்பில் 'டாபிக் டெம்ப்ளேட்' (புது இழை எழுதும்போது தானாக வரும் படிவம்) என்று ஒன்று இருக்கும். அதில் எழுதி வையுங்கள்: செடி, வயது, தொட்டி அளவு, ஊர், கடைசியாக என்ன தெளித்தீர்கள், இலையின் மேல்பக்கப் படம், அடிப்பக்கப் படம். வெள்ளை ஈயும் செம்பேனும் இலைக்கு அடியில்தான் இருக்கும், மேல்படத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. புது உறுப்பினர் ஒரு பதிவில் ஒரு படம்தான் போடலாம் என்பது டிஸ்கோர்ஸின் இயல்பு அமைப்பு. நீங்கள் இரண்டு கேட்பீர்கள், மன்றம் ஒன்றோடு நிறுத்திவிடும். 'நியூயூசர் மேக்ஸ் எம்பெடட் மீடியா' எண்ணை 3 ஆக்குங்கள். இணைப்பு 2, பெயர் சுட்டல் (@ போட்டு இன்னொருவரைக் குறிப்பிடுவது) 2 என்ற வரம்புகளைத் தொட வேண்டாம், ஸ்பேம் அங்கேதான் நிற்கிறது.

தலைப்புக்குக் குறைந்தது 15 எழுத்து என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழில் புள்ளியும் கால், கொம்புக் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். 'உதவி தேவை நண்பர்களே' நம் கண்ணுக்கு இடைவெளியோடு 13 எழுத்து, மென்பொருளுக்கு 19. ஆகவே எதைப் பற்றி என்றே சொல்லாத இந்தத் தலைப்பும் உள்ளே வந்துவிடும். வரம்பை 20 ஆக்கினால் இது தடுக்கப்படும், 'மிளகாய் இலை சுருட்டல்' 21 என்பதால் தப்பிக்கும். பதிவின் 20 எழுத்து வரம்பு அப்படியே இருக்கட்டும். வெறும் 'நன்றி' போடவிடாமல் லைக் பக்கம் தள்ளுவதே அதன் வேலை.

இழையின் இணைய முகவரி விஷயம்: இயல்பு அமைப்பில் தமிழ்த் தலைப்பு முகவரிக்கு வராது, 'டாபிக்' என்ற சொல்லும் எண்ணும்தான் வரும். 'என்கோடட்' என்று மாற்றினால் தமிழ் வரும், ஆனால் பகிரும்போது ஒவ்வொரு குறிக்கும் ஒன்பது எழுத்தாக விரிந்து வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு சதவீதக் குறியாக ஓடும். மாற்றாமல் விடுவது நல்லது.

இரண்டாம் கேள்விக்கு என் பதில்: கூடாது. நான்கு பேரும் அலுவலகத்தில் இருக்கும் பகல் பொழுதில் செடி வாடுகிறது என்று கேட்டவர் மாலை ஏழு மணி வரை காத்திருக்க மாட்டார், வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்குத்தான் டிரஸ்ட் லெவல் (உறுப்பினரின் நம்பிக்கை நிலை) இருக்கிறது. புதியவர் 0. ஐந்து இழை திறந்து, 30 பதிவு படித்து, பத்து நிமிடம் செலவிட்டால் 1. பதினைந்து நாள் வந்து, 20 இழை திறந்து, 100 பதிவு, 60 நிமிடம் படித்து, மூன்று இழையில் பதில் எழுதி, லைக் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கினால் 2. முதல் இரண்டு பதிவுகளை மட்டும் அனுமதிக்கு நிறுத்தும்படி 'அப்ரூவ் போஸ்ட் கவுண்ட்' 2 வைத்தால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். புது மன்றம் 'பூட்ஸ்ட்ராப்' நிலையில் தொடங்கும், ஏறத்தாழ முதல் 50 பேர் நேராக லெவல் 1 ஆகிவிடுவார்கள். 51-ஆவது ஆள் 0-இல் வருவார். "அவருக்கு மட்டும் தனிச்செய்தி அனுப்ப முடிகிறது, எனக்கு ஏன் முடியவில்லை" என்று கேள்வி வரும். அறிவிப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

வாய்க்கால்வரப்பு:

சாமி சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஒரு இடத்தில் மட்டும் இல்லை. முதல் இரண்டு பதிவுக்குப் பின் எல்லாமே நேராக வெளிவரட்டும் என்பது பூச்சிமருந்து விஷயத்தில் சரிவராது. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறியில் தெளிப்பதற்கு 2005 முதல் தடை இருக்கிறது. இன்னும் "லிட்டருக்கு இத்தனை மில்லி அடிங்க, கேட்கும்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. மாடியில் பறித்ததை அன்றே சாம்பார் வைக்கிற வீடுகள் இவை. தடையான மருந்துப் பெயர்களை 'வாட்ச்டு வேர்ட்ஸ்' (கண்காணிக்கும் சொற்கள்) பட்டியலில் 'ரிக்வயர் அப்ரூவல்' (அனுமதி தேவை) வகையில் போடுங்கள். அந்தப் பதிவு மட்டும் நிற்கும், மற்றவை தடையின்றிப் போகும்.

விற்பனைக்காரர்கள் இரண்டு வகை. முதல் வகை, கணக்கு தொடங்கி ஐந்தாம் நிமிடம் இணைப்பு ஒட்டிவிட்டுப் போகிறவர். இவருக்கு 'டெலீட் ஸ்பேமர்' பொத்தான். ஆனால் அது ஐபி முகவரியையும் தடைப்பட்டியலில் சேர்க்கும். நம் ஊர் மொபைல் நெட்டில் ஒரே ஐபி-யைப் பல பேர் பகிர்கிறார்கள், எனவே பாவம் வேறு யாராவது பதிவு செய்ய முடியாமல் திணறுவார். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பழைய ஐபிகளை நீக்கிவிடுங்கள். இரண்டாம் வகை, நல்ல பதிலும் எழுதி, கடைசி வரியில் "விதை வேண்டுமானால் எண்ணுக்கு அழைக்கவும்" என்று சேர்ப்பவர். இவரை விரட்டினால் நஷ்டம் மன்றத்துக்குத்தான். விதைப் பரிமாற்றப் பிரிவில் மாதம் ஒரு விற்பனை இழை திறந்து, ஆளுக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். வெளியே எழுதியதை அங்கே நகர்த்தி, ஏன் நகர்த்தினோம் என்று தனிச்செய்தியில் இரண்டு வரி. மறுபடி செய்தால் மூன்று நாள் சைலன்ஸ், அதற்கும் மேல் என்றால் சஸ்பெண்ட். சைலன்ஸில் அவர் உள்ளே வந்து படிக்கலாம், எழுத முடியாது. சஸ்பெண்டில் உள்ளே நுழையவே முடியாது. முதல் தவறுக்கே இரண்டாவதை எடுக்காதீர்கள்.

அந்தப் பிரிவில் இழை தொடங்கும் உரிமையை லெவல் 1 குழுவுக்கு மட்டும் கொடுங்கள். லெவல் 0-க்குத் தனிச்செய்தி கிடையாது, அதனால் அவர்கள் கைபேசி எண்ணைப் பொதுவில் போடுவார்கள். இழை 30 நாளில் தானாக மூடும்படியும் பிரிவு அமைப்பிலேயே வைக்கலாம், இல்லாவிட்டால் போன வருடத்து அவரை விதைக்கு இந்த வருடம் ஆள் வரும்.

சண்டைக்கு வருவோம். இலைப்புள்ளி பற்றிக் கேட்ட இழையில் நாற்பது பதில் ரசாயன விவாதமாகப் போனால், பூட்டாதீர்கள். அந்தப் பதில்களைத் தேர்ந்தெடுத்துத் தனி இழையாகப் பிரித்துப் பொது அரட்டைக்கு நகர்த்துங்கள். கேள்வி கேட்டவருக்கு இழை திரும்பக் கிடைக்கும், சண்டை போடுகிறவர்களுக்கும் இடம் இருக்கும். பிரித்த இழையில் 'ஸ்லோ மோட்' ஒரு மணி நேரம். ஒருவர் மணிக்கு ஒரு பதில்தான் எழுத முடியும் என்றால் பாதிப் பேர் எழுதுவதற்குள் சூடு தணிந்துவிடும். தனிநபர்த் தாக்குதலாக இறங்கினால்தான் நான்கு மணி நேரப் பூட்டு, தானாகத் திறக்கும் நேரத்தோடு.

நீங்களே விவாதத்தில் கலந்துகொண்ட இழையில் மட்டுறுத்தல் பொத்தானைத் தொடாதீர்கள், மற்ற மூவரில் ஒருவர் செய்யட்டும். இந்த ஒரு விதியை நால்வரும் கடைப்பிடித்தால் "மாடரேட்டர் பக்கச்சார்பு" புகாரில் முக்கால்வாசி எழாது. யார் எதைச் செய்தார் என்பது 'ஸ்டாஃப் ஆக்‌ஷன் லாக்'கில் இருக்கிறது, வாரம் ஒருமுறை சேர்ந்து படியுங்கள்.

புகார் வந்த பதிவுகள் ரிவ்யூ கியூவில் நிற்கும். 'அக்ரீ' (புகார் சரி), 'டிஸ்அக்ரீ' (புகார் தவறு), 'இக்னோர்' (விட்டுவிடு) மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டும் புகார் சொன்னவரின் கணக்கில் ஏறி, அடுத்த முறை அவர் புகாருக்கு எவ்வளவு எடை என்பதை மாற்றும். நல்ல எண்ணத்தில், தவறான வகையில் புகார் செய்தவருக்கு 'டிஸ்அக்ரீ' போட்டால் நல்ல கண்காணி ஒருவரின் எடை குறையும், அங்கே 'இக்னோர்' போடுங்கள். உறுப்பினர்களின் புகாரால் மறைந்த பதிவை எழுதியவரே பத்து நிமிடம் கழித்துத் திருத்தி மீண்டும் காட்ட முடியும். அவர் திருத்துவதற்குள் முந்திக்கொண்டு அழிக்காதீர்கள்.

---

மாடிவிதை:

மிக்க நன்றி சாமி, வாய்க்கால் அண்ணா. சோதனைக்காகப் பத்துப் பேரைச் சேர்த்தோம். இரண்டு சிக்கல். கடன் விளம்பரத்துக்காக 'கடன்' என்ற சொல்லை வாட்ச்டு வேர்ட்ஸில் போட்டோம், 'கடனுக்கு', 'கடனை' எல்லாம் தப்பித்துப் போகின்றன. இன்னொன்று, முதல் பதிவு எழுதிய மூன்று பேர் தானாகவே சைலன்ஸ் ஆகிவிட்டார்கள். ஒரு தவறும் செய்யவில்லை.

---

சர்வர்சாமி:

இரண்டாவது முதலில். அவர்கள் வேறு செயலியில் தமிழில் தட்டச்சிட்டு இங்கே ஒட்டியிருப்பார்கள். புதியவரின் முதல் பதிவு மூன்று நொடிக்குள் தட்டச்சிடப்பட்டிருந்தால் டிஸ்கோர்ஸ் அதை ரோபோ என்று எடுத்துக்கொள்ளும். ஒட்டுகிறவருக்குத் தட்டச்சு நேரம் ஏறாது. 'ஆட்டோ சைலன்ஸ் ஃபாஸ்ட் டைப்பர்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள், முதல் இரண்டு பதிவு எப்படியும் உங்கள் கையில்தான் வரப்போகிறது. அந்த மூவரின் சைலன்ஸையும் அவர்கள் கணக்குப் பக்கத்தில் கையால் நீக்க வேண்டும், அமைப்பை அணைத்தால் பழையது தானாகப் போகாது.

சொல் பட்டியலில் நட்சத்திரக் குறி பின்னொட்டையும் பிடிக்கும். ஆனால் 'கடன்*' என்று போட்டால் 'கடன்காரர்' மட்டும் மாட்டும், 'கடனை' மாட்டாது, ஏனென்றால் உயிர் ஏறும்போது புள்ளி போய்விடுகிறது. புள்ளி இல்லாமல் 'கடன*' என்று போடுங்கள். கணினிக்கு 'ன்' என்பது ன-வும் புள்ளியும், 'னு' என்பது ன-வும் உகரக் குறியும். எனவே கடன், கடனை, கடனுக்கு, கடன்காரர் எல்லாம் ஒரே வலையில் விழும். "கடனே என்று தண்ணீர் ஊற்றினால் செடி வளருமா" என்பதும் விழும் என்பதால் 'பிளாக்' வகையில் வைக்காதீர்கள், 'ரிக்வயர் அப்ரூவல்' போதும். மகர ஈற்றுச் சொற்களுக்கு இது உதவாது. 'பணம்', 'பணத்தை' இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

---

படிவம்_எண்4:

ஐந்தாம் கேள்வியை யாரும் தொடவில்லை. இந்தியாவில் நடத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 79. உறுப்பினர் எழுதியதற்கு மன்றம் பொறுப்பல்ல என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. அந்த நிபந்தனைகள் அச்சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளில் உள்ளன. 50 லட்சம் பதிவு பெற்ற பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கான கூடுதல் கடமைகள் உங்களுக்கு இல்லை. ஆனால் பயன்பாட்டு விதிகளை வெளியிடுவது, குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போடுவது, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிப்பது எல்லாம் சிறிய மன்றத்துக்கும் உண்டு. நால்வரில் ஒருவரை அலுவலராகப் போடுங்கள், தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று திறந்து 'மன்றம் பற்றி' பிரிவில் மேலே ஒட்டி வையுங்கள். தீர்வு காண 2021-இல் கொடுத்த கெடு 15 நாள். திருத்தங்களில் கெடுக்கள் மாறுகின்றன, மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத் தளத்தில் நடப்புப் பதிப்பைப் பார்த்தே உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்.

தனியார் ஒருவர் "எடு" என்று மிரட்டியதும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஸ்ரேயா சிங்கல் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அதே சட்டத்தின் 66ஏ பிரிவை (புண்படுத்தும் இணையச் செய்திகளுக்குத் தண்டனை) ரத்து செய்தபோதே, 79-க்கான 'அறிதல்' (சட்டவிரோதப் பதிவு இருப்பது மன்றத்துக்குத் தெரியும் என்று கொள்வது) என்பது நீதிமன்ற ஆணை அல்லது அரசு அறிவிப்பின் வழி வருவது என்று விளக்கிவிட்டது. ஒருவரின் அந்தரங்கப் படம் போன்றவை வேறு, அவற்றைப் புகார் வந்ததும் உடனே எடுக்க வேண்டும்.

இதில் மட்டுறுத்துநர்கள் இடறும் இடம்: நீக்கிய பதிவையும் பயனரின் பதிவு விவரத்தையும் 180 நாள் பாதுகாக்க வேண்டும். டிஸ்கோர்ஸில் சாதாரண 'டெலீட்' பதிவை மறைக்கிறது, தரவுத்தளத்தில் அது இருக்கும். கணக்கையே அழித்தால் விவரம் போய்விடும். அவதூறு, மிரட்டல் போன்ற விவகாரத்தில் கணக்கை அழிக்காமல் சஸ்பெண்ட் செய்யுங்கள்.

---

வாய்க்கால்வரப்பு:

திறக்கும் முன் இன்னும் இரண்டு வேலை. ஆயிரம் பேருக்கும் ஒரே நாளில் அழைப்பு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். புது டொமைனிலிருந்து ஒரே மூச்சில் ஆயிரம் போனால் ஸ்பேம் பெட்டிதான் கதி, கணக்கை உறுதி செய்யும் மின்னஞ்சலே கிடைக்காமல் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை (மின்னஞ்சல் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டுபவை) டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிட்டு, நாளைக்கு நூறு பேர் என்று அழையுங்கள், ரிவ்யூ கியூவும் தாங்கும். பல கிளவுட் நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை மூடி வைத்திருக்கும், சில இடங்களில் 587-உம் மூடியிருக்கும். அப்போது மின்னஞ்சல் சேவையில் 2525 இருக்கிறதா என்று பாருங்கள்.

பேக்கப் இயல்பாக ஏழு நாளுக்கு ஒருமுறை, அதுவும் அதே சர்வரில். தினமும் என்று மாற்றி, கோப்பு வேறு இடத்துக்குப் போகும்படி செய்யுங்கள். திறப்பதற்கு முன் ஒரு தற்காலிக சர்வரில் அதை ஒருமுறை மீட்டுப் பாருங்கள், படங்களும் சேர்ந்து வருகின்றனவா என்று.