பேஜ்மேக்கர் 7-ஐ லினக்ஸ் மிண்ட்டில் ஓட்ட முடியுமா? வைனா, விர்ச்சுவல்பாக்ஸா?

காவிரிக்கரை அச்சகம்:

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், இவைதான் அன்றாட வேலை. டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கிற வேலை, முழுக்க இன்னும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய மென்பொருளில்தான் நடக்கிறது. அது இருக்கிற கணினி விண்டோஸ் 7, 32 பிட். கொஞ்ச நாளாக ஹார்டு டிஸ்க் டக்டக்கென்று சத்தம் போடுகிறது, எப்போது நிற்குமோ என்று பயமாக இருக்கிறது. தமிழ் எழுத்துரு மென்பொருள் யுஎஸ்பி லாக்குடன் வாங்கியது, அந்தச் சின்னச் சாவியைக் கணினியில் செருகினால்தான் ஓடும். விற்ற நிறுவனம் இப்போது இல்லை, சிடியும் கைவசம் இல்லை, லாக் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

என் தம்பி மகன் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்து அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டான். இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம். வைன் போட்டால் விண்டோஸ் மென்பொருள் எல்லாம் அதிலேயே ஓடும் என்கிறான். அவனுடைய நண்பன் வைன் வேண்டாம், விர்ச்சுவல்பாக்ஸ் போடு என்கிறான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எங்கள் வேலைக்கு எது ஒத்துவரும், பழைய பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் எழுத்து மாறாமல் திறக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே குடும்பத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் நாங்கள்தான் பத்திரிகை அடித்திருப்போம், பழைய ஃபைலை எடுத்துப் பெயர் மாற்றித்தான் அடுத்தது போடுவோம். அவை போனால் கடையே போன மாதிரி.

மிண்ட்பிரியன்:

ஐயா, முதலில் வைன் என்ன செய்கிறது என்று சொல்கிறேன், அது புரிந்தால் எது ஓடும் எது ஓடாது என்று நீங்களே கணித்துவிடலாம். ஒரு விண்டோஸ் மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஜன்னலைத் திற, எழுத்தை வரை, ஃபைலைப் படி என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸிடம் கேட்கும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற டிஎல்எல் ஃபைல்களை மைக்ரோசாஃப்டின் நிரலைத் தொடாமல் முதலிலிருந்து எழுதியதுதான் வைன். கேள்வியை வாங்கி லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்துவிடும். ப்ராசசருக்கான கட்டளைகள் அப்படியே நேராக ஓடுவதால் வேகம் பெரிதாகக் குறையாது. 1993-இல் தொடங்கி 2008-இல்தான் 1.0 பதிப்பு வந்தது, அவ்வளவு உழைப்பு. ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியில் விண்டோஸ் கேம்கள் ஓடுவதும் இதன் மேல் கட்டிய புரோட்டான் என்ற மென்பொருளால்தான்.

வைனில் சி டிரைவ் என்பது உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர், அவ்வளவுதான். அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், உங்கள் எழுத்துருக்களின் டிடிஎஃப் ஃபைல்களை அங்கே போட்டால் போதும். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், 32 பிட் நிரல், ஆகவே வைனை 32 பிட் ஆதரவோடு நிறுவ வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தருகிற யூனிகோடு முறையில் இல்லை, ஆங்கில எழுத்துகளும் அவற்றுக்கு மேலான எண்களில் இருக்கும் குறிகளும் உட்காரும் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. யூனிகோடு தெரியாத மென்பொருள் எந்தக் குறிப்பட்டியலை எடுத்துக்கொள்ளும் என்பதை வைன் உங்கள் லினக்ஸின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பேஜ்மேக்கரை இயக்கும்போது மட்டும் அதை ஆங்கிலம் அமெரிக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த மேல் எண்களில் இருக்கும் எழுத்துகள் கலைவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் உங்களிடம் சிடி இல்லை என்கிறீர்கள். எதை வைத்து நிறுவுவது என்ற கேள்வி அங்கேயே வந்துவிடுகிறது.

பழையபெட்டி_சேலம்:

மிண்ட்பிரியன் சொன்ன விளக்கம் சரி, ஆனால் இவருக்கு வைன் சரிப்படாது. காரணம் அந்த லாக். ஃபைலைப் படித்து ஃபைலை எழுதுகிற மென்பொருளாக இருந்தால் வைனில் தைரியமாக முயன்று பார்க்கலாம். லாக் என்பது அப்படி இல்லை, அதற்கு விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது அதன் மையப் பகுதிக்குள், உட்காரும் டிரைவர் என்ற நிரல் வேண்டும். வைனுக்குள் விண்டோஸ் கெர்னல் என்று ஒன்று கிடையாது, அதனால் அந்த மாதிரி டிரைவர்கள் பொதுவாக அங்கே ஏறாது. விர்ச்சுவல்பாக்ஸ் கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கிக் காட்டும் மென்பொருள், அதன் உள்ளே ஓடுவது நிஜமான விண்டோஸ், லாக்கின் டிரைவர் அதில் வேலை செய்யும், யுஎஸ்பியில் செருகிய லாக்கை விர்ச்சுவல்பாக்ஸ் அப்படியே உள்ளே கொடுத்துவிடும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், தயவுசெய்து இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். சத்தம் போடுகிற டிஸ்க்கை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். பேஜ்மேக்கரின் பிஎம்டி ஃபைல்கள், ஃபான்ட்ஸ் ஃபோல்டர், படங்கள், இவற்றை முதலில் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் அந்தக் கணினியையே மொத்தமாக ஒரு ஃபைலாக்கிவிட வேண்டும். சிடி இல்லாவிட்டாலும் நிறுவிய நிலையிலேயே எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கிறது, பேஜ்மேக்கர், தட்டச்சு மென்பொருள், லாக்கின் டிரைவர், நீங்கள் பழகிய கீபோர்டு அமைப்பு, அத்தனையும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் டிஸ்க்2விஹெச்டி என்ற சின்னக் கருவி போதும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு டிஸ்க்கையும் விஹெச்டி என்ற ஒரே நகல் ஃபைலாக எடுத்துவிடும், விர்ச்சுவல்பாக்ஸ் அதை நேராகத் திறக்கும். உங்கள் டிஸ்க் சத்தம் போடுவதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்தக் கணினியை மிண்ட் பென்டிரைவில் பூட் செய்து, குனு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு எடுங்கள். படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்ப வரும். கிடைக்கிற இமேஜ் ஃபைலை, அதாவது டிஸ்க்கின் முழு நகலை, விர்ச்சுவல்பாக்ஸின் கருவியாலேயே அதன் சொந்த வடிவமான விடிஐ ஆக மாற்றலாம். வெளி டிஸ்க் பழைய டிஸ்க்கைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

புதிய லேப்டாப்பில் பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குள் போய், கணினிக்குள் கணினி ஓட்ட ப்ராசசர் தரும் விடி-எக்ஸ் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 7, 32 பிட் என்று புதிய மெஷின் உருவாக்கி, புது டிஸ்க் வேண்டாம், இருக்கும் ஃபைலைப் பயன்படுத்து என்று காட்டுங்கள். 2 ஜிபி ராம் கொடுத்தால் தாராளம். முதல் தடவை 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வந்தால் பதற வேண்டாம், டிஸ்க் கன்ட்ரோலர் பொருந்தவில்லை என்று அர்த்தம், சாட்டாவிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றிப் பாருங்கள். லாக் தெரிய உங்கள் லினக்ஸ் பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் (vboxusers) குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு லாக் கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மதர்போர்டு மாறியதாக நினைத்து விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் என்றால் அது அந்தப் பெட்டிக்கு மட்டும் உரியது, தனியாக வாங்கிய கீ இருக்கிறதா என்று பில் கட்டில் தேடிப் பாருங்கள். அப்புறம், அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள், நெட்வொர்க் அடாப்டரையே அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. வாட்ஸ்அப்பில் வரும் மேட்டரை லினக்ஸ் பக்கம் வாங்கி, ஷேர்டு ஃபோல்டர் வழியாக உள்ளே அனுப்பினால் போதும்.

காவிரிக்கரை அச்சகம்:

மிக்க நன்றி ஐயா. ஃபைல்களை எடுத்துவிட்டோம், எல்லாம் திறக்கின்றன. இமேஜ் எடுப்பதை முகூர்த்த வேலைகள் முடிந்த கையோடு செய்துவிடுகிறோம். இரண்டு சந்தேகம். பிளேட் போடுகிற இடத்துக்கு பிடிஎஃப் அனுப்ப வேண்டும், அதை உள்ளே இருக்கிற விண்டோஸிலிருந்து எப்படி எடுப்பது? இன்னொன்று, மகளிடம் எம்2 மேக்புக் இருக்கிறது, இந்த விடிஐ ஃபைலை அதிலும் ஒரு பிரதி வைத்தால் அவசரத்துக்கு ஓடுமா?

பழையபெட்டி_சேலம்:

பிடிஎஃப்: உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் மொழி) பிரிண்டர் ஒன்றைச் சேர்த்து, அச்சிடும்போது ஃபைலுக்கு அச்சிடு என்று கொடுத்து, அந்த ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் போடுங்கள். லினக்ஸில் இருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கருவி அதை பிடிஎஃப் ஆக்கிவிடும். பேஜ்மேக்கர் போஸ்ட்ஸ்கிரிப்ட்டை நம்பி வளர்ந்த மென்பொருள், இந்த வழியில்தான் பக்கம் நன்றாக வரும். அனுப்பும் முன் பிடிஎஃப் வியூவரில் ஃபான்ட் விவரத்தைத் திறந்து, எல்லா எழுத்துருவும் உள்ளே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பதியாமல் போனாலும் அங்கே ஆங்கில எழுத்தாக வந்து நிற்கும். மேக் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஆப்பிள்வாசி:

மேக் விஷயத்தில் நிலைமை வேறு, இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் மிண்ட் லேப்டாப்பில் மாறுவது இயங்குதளம் மட்டும், ப்ராசசர் அதே இன்டெல் வகைதான். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 ப்ராசசர் வந்ததிலிருந்து மேக்கில் ப்ராசசரின் மொழியே மாறிவிட்டது. ஆகவே இன்டெல் விண்டோஸ் இமேஜை அங்கே வைத்தால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துத்தான் ஓட்ட வேண்டும். யுடிஎம் என்ற இலவசச் செயலி, உள்ளே கியூஎமு என்ற மொழிபெயர்க்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு, அதைச் செய்யும். ஆனால் மெதுவாக. ஃபைலைத் திறந்து ஒரு தொலைபேசி எண்ணைத் திருத்தலாம், நாள் முழுக்க உட்கார்ந்து டிடிபி செய்ய முடியாது.

மேக்கில் விண்டோஸ் ஓட்ட உதவும் பேரலல்ஸ் மென்பொருளை வாங்கி, மேக்கின் ஆர்ம் வகை ப்ராசசருக்கான விண்டோஸ் 11 போடலாமே என்று யாராவது சொல்வார்கள். மைக்ரோசாஃப்டே 2023-இல் அதற்கு ஒப்புதல் கொடுத்தது, அந்த விண்டோஸ் பழைய 32 பிட் மென்பொருள்களைத் தானே மொழிபெயர்த்து ஓட்டவும் செய்யும். ஆனால் டிரைவர்களுக்கு அந்த மொழிபெயர்ப்பு கிடையாது, ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர்தான் வேண்டும். மூடிப்போன நிறுவனத்தின் லாக்குக்கு யார் இனி டிரைவர் எழுதப் போகிறார்கள்? ஆகவே உங்களுக்கு அந்த வழி இல்லை. மேக்கில் பிரதியைப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுவதற்கு இன்னொரு பழைய இன்டெல் லேப்டாப் வாங்குவதுதான் நல்லது.

ஒற்றுப்பிழை:

பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் உங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும், நல்லது. ஆனால் எல்லாம் அந்த ஒரு லாக்கின் மேல் நிற்கிறது, அது கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வீர்கள்? பேஜ்மேக்கர் வளர்ச்சியை அடோபி 2004-இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன் கூட சிஎஸ்6 பதிப்பு வரைதான் இந்த ஃபைல்களைத் திறந்தது. லிப்ரே ஆஃபிஸ் டிரா திறக்கும், ஆனால் அமைப்பு கொஞ்சம் நகரும், எழுத்து பழைய குறியேற்றத்திலேயே இருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு போனால் அந்த ஐந்தும் வெறும் குப்பை, கூகிளில் தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது.

பழைய ஃபைல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். ஒரு குடும்பம் திரும்ப வரும்போது அந்தப் பத்திரிகையை மட்டும் திறந்து, வாசகத்தை என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி எழுத்து மாற்றும் கருவி ஒன்றில் யூனிகோடாக்கி, ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க அமைப்பு மென்பொருளிலோ இன்டிசைனிலோ புதிதாக அமைத்துவிடுங்கள். மாற்றியதும் கட்டாயம் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஸ்ரீ, க்ஷ, ஔ, கொம்பும் காலும் சேர்ந்த ஒகர ஓகாரங்கள், இவற்றில்தான் கன்வர்ட்டர் தடுமாறும். பெயர் தப்பாக அச்சான பத்திரிகையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். உங்கள் தட்டச்சர் பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பவர் என்றால் கவலை வேண்டாம், லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு வசதியோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவினால் அந்த முறையும் தமிழ்99 விசைப்பலகை முறையும் இரண்டும் கிடைக்கும்.

காவிரிக்கரை அச்சகம்:

எங்கள் தட்டச்சர் அக்கா டைப்ரைட்டர் முறைதான், அந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டியதும்தான் அவருக்கு நிம்மதி. இமேஜ் எடுத்து விர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றியதும் லாக் தெரிகிறதா என்று இங்கேயே எழுதுகிறேன். பில் கட்டில் விண்டோஸ் கீயைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.