ஆச்சியின்ர படையலுக்கு எந்தக் கண்டோஸ் (சொக்லேற்)?

குழு: ஆச்சி வீடு – தருமபுரம்

வசந்தி: எல்லாருக்கும் வணக்கம். ஆச்சியின்ர ஆட்டைத்திவசத்துக்கு ஐயர் திதி பாத்துச் சொல்லிப்போட்டார், வாற 17. படையலுக்கு ஆச்சிக்கு விருப்பமான சாமான் எல்லாம் வைக்கோணும், சமையல் நான் பாக்கிறன், வெளிநாட்டுச் சாமான்தான் பிரச்சினை. ஆர் எது கொண்டு வாறியள் எண்டு இப்பவே சொல்லுங்கோ, அந்தியேட்டிக்கு நடந்த மாதிரி எல்லாரும் ஒரே சாமானைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ

சுதன்: பதினொரு டொப்லரோன் 😂

சுதன்: பந்தல்காரப் பெடியள் சோத்துக்குப் பிறகு அதைத்தான் திண்டவங்கள்

கலா (ரொறன்ரோ): 17ஆ??

கலா (ரொறன்ரோ): அம்மா செத்தது 28 எல்லோ. நான் 24க்கு வந்து இறங்கிற மாதிரி டிக்கெற் போட்டிட்டன்

ராசன் மாமா (கிளி): பிள்ளையள் எல்லாரும் கவனமா வாசியுங்கோ. திவசம் எண்டது இங்கிலீஸ் திகதிக்குச் செய்யிறேல்லை. மாசம், பட்சம், திதி மூண்டும் பாத்து வாறது. சந்திரனை வைச்சுத்தான் கணக்கு. பன்னிரண்டு சந்திர மாசம் கூட்டினா 354 நாள், எங்கட சுவர்க் கலண்டர் 365 நாள், அப்ப பதினொரு நாள் முந்தும். 28 இல 11 போனா 17. இது அஞ்சாம் வகுப்புக் கழித்தல். கலா என்னட்ட ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை

கலா (ரொறன்ரோ): அண்ணை எனக்கு இப்ப விடிய நாலரை. கணக்குப் படிப்பிக்காதேங்கோ

சிவா (சுவிஸ்): டொப்லரோன் நான் அனுப்புறன். அம்மாக்கு அதுதான் விருப்பம் எண்டு எல்லாருக்கும் தெரியும்

தர்சன் (லண்டன்): எல்லாருக்கும் எண்டா ஆருக்கு சித்தப்பா

சிவா (சுவிஸ்): டேய் 2002 இல சமாதானத்தோட ஏ9 பாதை திறந்த உடன நான் அனுப்பின முதல் பார்சலே அதுதானடா. நான் இருக்கிற பேர்ணிலதான் 1908 இல அதைக் கண்டுபிடிச்சது, டோப்லர் எண்டவர், அவற்ற பேரோட இத்தாலிக்காரற்ற தொறோனே எண்ட இனிப்பின்ர பேரையும் சேத்துத்தான் டொப்லரோன். தேனும் பாதாமும் போட்டது. பைக்கற்றில மலைக்குள்ள ஒரு கரடி ஒளிச்சு நிக்கும், பேர்ணின்ர சின்னம் கரடி

ராசன் மாமா (கிளி): சிவா, இப்ப பைக்கற்றில பழைய மலை இல்லையே. ஒரு பங்கு சுலோவாக்கியாவில செய்யத் தொடங்கினபடியா மற்றர்ஹோர்ன் மலையின்ர படத்தை 2023 இல எடுக்க வேண்டி வந்தது. சுவிஸில செய்யாட்டி அந்த நாட்டுச் சின்னம் போடேலாது எண்டு சட்டம்

சுதன்: ஊர் மாறினாப் பேரும் படமும் மாறும்தானே. சிவநேசன் மாமா சிவா ஆன மாதிரி

சிவா (சுவிஸ்): 😡

வசந்தி: சிவா மாமா கோவிக்காதேங்கோ, அந்த முதல் பார்சல் எனக்கு நல்ல ஞாபகம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில இறக்கி ஏத்தி வெயில்ல கிடந்து இஞ்ச வந்து சேரேக்க களி மாதிரி. பிரிஜ் எங்க இருந்தது அப்ப. ஆச்சி என்ன செய்தவா தெரியுமே, அதை ஒரு சொப்பின் பையில சுத்தி வாளிக்குள்ள வைச்சு, தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு முழம் விட்டுக் கிணத்துக்குள்ள இறக்கி, கயிறைத் துலாக்காலில கட்டிப்போட்டு, ஒருத்தரும் தண்ணி அள்ளப்படாது எண்டு பின்னேரம் மட்டும் காவல் இருந்தவா. எடுத்துப் பாத்தா ஒரு கட்டி, சவுக்காரம் மாதிரி. பாக்குவெட்டியாலதான் நறுக்கினவா

சுதன்: எனக்கு இருபது வயசு மட்டும் அது முக்கோணம் எண்டே தெரியாது

மதி (மெல்பேர்ண்): 😭😭 பாக்குவெட்டி

ராசன் மாமா (கிளி): கிணத்துத் தண்ணி மண்ணுக்குக் கீழ இருக்கிறபடியா வெயில் பெரிசாப் பிடிக்காது, காத்தை விடக் குளிராத்தான் இருக்கும். கண்டோஸ் முப்பது பாகையைத் தாண்டி நாலு பாகை போனாலே உருகிப் போடும். அம்மா விஞ்ஞானம் படிக்காமலே செய்தவா

கலா (ரொறன்ரோ): சரி சிவா ஒரு டொப்லரோன். ஒண்டு. நான் கோஃபி கிறிஸ்ப். கெச்சப் சிப்ஸும் அம்மா ஆசையாச் சாப்பிட்டவா

சுதன்: சின்னம்மா உண்மையைச் சொல்லட்டே

கலா (ரொறன்ரோ): என்ன

சுதன்: ஆச்சி ஒரு சிப்ஸ் எடுத்து வாயில வைச்சிட்டு, கனடாவில தக்காளிக்கு என்ன கேடு வந்தது எண்டு கேட்டவா. மிச்சத்தை நான்தான் முடிச்சது, விரலெல்லாம் சிவப்பு, ரெண்டு நாளாப் போகேல்லை

தர்சன் (லண்டன்): ஹாஹாஹா

தர்சன் (லண்டன்): அப்ப நான் ஜஃபா கேக் வாங்கிறன். ஆச்சி தேத்தண்ணியோட சாப்பிட்டவா நான் கண்டனான். அது கேக்கா பிஸ்கற்றா எண்டு இஞ்ச 1991 இல வழக்கே நடந்தது தெரியுமே, கண்டோஸ் பூசின பிஸ்கற்றுக்கு வரி, கேக்குக்கு வரி இல்லை. பழசானா பிஸ்கற் இளகும் கேக் இறுகும், இது இறுகுது எண்டும் பாத்துத்தான் கேக் எண்டு தீர்ப்பு

மதி (மெல்பேர்ண்): கேக் எண்டா முட்டை இருக்கும் அறிவாளி. படையல் சைவம்

தர்சன் (லண்டன்): ஓ

ராசன் மாமா (கிளி): மதி சொல்லுறது சரி. எல்லாரும் பைக்கற்றின்ர பின்பக்கத்தை வாசிச்சிட்டு அனுப்புங்கோ. ஹரிபோ கதையை மறக்கேல்லைத்தானே

கலா (ரொறன்ரோ): அதை ஆரும் மறப்பினமே

சிவா (சுவிஸ்): திரும்பத் தொடங்கிட்டியள்

தர்சன் (லண்டன்): என்ன கதை எனக்கு முழுக்கத் தெரியாது

வசந்தி: சிவா மாமா போடர் தாண்டி ஜேர்மனியில மலிவெண்டு வாங்கி வந்தது, கரடிக் குட்டி இனிப்பு. ஆச்சி வெள்ளிக்கிழமை விரதத்தோட நாலைஞ்சு சாப்பிட்டிட்டா, மெதுவா இருக்கு பல்லில்லாத எனக்கு நல்லம் எண்டு. பின்னேரம் மதி பைக்கற்றை வாசிச்சுப்போட்டு பண்டித் தோல்ல எடுத்த ஜெலட்டின் எண்டு குசினிக்குள்ள நிண்டு கத்த, ஆச்சிக்குக் கேட்டுட்டுது

மதி (மெல்பேர்ண்): எனக்கு அப்ப 14 வயசு

வசந்தி: அண்டைக்கே கிணத்தடியில தலை முழுகி, அடுத்த நாள் புளியம்பொக்கணை நாகதம்பிரானிட்ட கூட்டிக்கொண்டு போனது நான். ஓட்டோக் காசு இன்னும் ஒருத்தரும் தரேல்லை

சிவா (சுவிஸ்): அப்ப துருக்கியில செய்யிற ஹரிபோ அனுப்பட்டே, அதில பண்டி இல்லை

ராசன் மாமா (கிளி): அதில மாட்டு ஜெலட்டின். உனக்கு மண்டைக்குள்ள என்ன கிடக்கு

சுதன்: 🐄🐄🐄

சுதன்: இடையில ஒரு விசயம். நாளைக்கு வெட்டு மெசின் வருது, கீழ்வயல் முதல். மழை வாற மாதிரி இருட்டிக்கொண்டு நிக்குது. ராசன் மாமா உங்கட ரெண்டு படங்கையும் தரேலுமே, நெல்லை றோட்டில காயப்போட

ராசன் மாமா (கிளி): ஏ35 இல காயப்போடுறது ஆபத்து. போன வருசமும் சொன்னனான். ஈரம் பதினாலு வீதத்துக்குக் கீழ வராட்டி களஞ்சியத்தில எடுக்கமாட்டினம் உண்மைதான், அதுக்காக பஸ் ஓடுற றோட்டில

சுதன்: படங்கு இருக்கோ இல்லையோ மாமா

ராசன் மாமா (கிளி): ஒண்டு இருக்கு. மற்றது அந்தியேட்டிக்குத் தந்தது திரும்பி வரேல்லை

நந்தன் (நோர்வே): இப்பதான் வேலை முடிஞ்சு பாக்கிறன். நாங்கள் 14ந் திகதி வாறம். நான் குவிக் லுன்ஸ் கொண்டு வரட்டே

கலா (ரொறன்ரோ): கிட்கற் மாதிரி ஒண்டு, அதுவே

நந்தன் (நோர்வே): ஓம் அக்கா, 1937 இல இருந்து இருக்கு, இஞ்ச மலை ஏறப் போறவை கட்டாயம் பையில வைச்சிருப்பினம். பேப்பருக்கு உள்பக்கத்தில மலையில எப்பிடிப் பத்திரமா இருக்கிறது எண்டு விதி அடிச்சிருக்கும். அம்மா ஒரு நாள் அதை வாசிச்சுக் காட்டச் சொன்னவா. நேரத்துக்குத் திரும்பு, திரும்பி வாறதில வெக்கம் இல்லை எண்டு ஒண்டு இருக்கு. அதைக் கேட்டிட்டு, பேப்பரை எடுத்து மடிச்சு இடுப்பில செருகினவா

சுதன்: வாசிக்கத் தெரியாத பேப்பரை

நந்தன் (நோர்வே): ம்

மதி (மெல்பேர்ண்): நான் டிம் டாம் பிஸ்கற் அனுப்பலாம், ஆனா ஆச்சி அதைச் சாப்பிட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. ரெண்டு மூலையையும் கடிச்சிட்டு அதுக்குள்ளால தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிக்கக் காட்டிக் குடுத்தனான், எச்சில் பழக்கம் எண்டு பேச்சு

தர்சன் (லண்டன்): டிம் டாம் ஒரு குதிரையின்ர பேர் அக்கா. 1958 இல அமெரிக்காவில கென்ரக்கி டேர்பி வெண்ட குதிரை

மதி (மெல்பேர்ண்): இதைச் சொல்ல ஆரும் கேட்டவையே

கலா (ரொறன்ரோ): வசந்தி நீதானே கூட இருந்தனி. சுத்தி வளைக்காமச் சொல்லு, அம்மாக்கு எது விருப்பம்

வசந்தி: சொல்லட்டே

கலா (ரொறன்ரோ): சொல்லனடி

வசந்தி: கோவிக்கப்படாது. டொப்லரோன் கிளினிக் மிஸ்ஸுக்குப் போகும். கோஃபி கிறிஸ்ப் பக்கத்து வீட்டுப் பெடியளுக்கு, வேலிக்கு மேலால. லெமன் பஃப் வாங்கிக் குடுத்தா கிறீமை நக்கிப்போட்டு பிஸ்கற் நாய்க்கு. தனக்கெண்டு ஒளிச்சு வைச்சது ஒண்டே ஒண்டுதான், லதா மாமி முதல்முறை வரேக்க கொண்டு வந்த கறுப்பு இனிப்பு, உப்பா இருக்குமே, நாங்கள் எல்லாரும் துப்பினது. அது வெத்திலைப் பெட்டிக்குள்ள பாக்கோட கிடக்கும். இரவு படுக்கேக்க ஒண்டு வாயில போட்டா விடிய மட்டும் இருமல் இல்லை எண்டுவா. சின்ன வயசில தன்ர தேப்பன் முல்லைத்தீவில ஒரு பரியாரியாரிட்ட வாங்கித் தந்த குளிசை இதே ருசி எண்டு கொஞ்சநேரம் அதைப்பற்றியே சொல்லிக்கொண்டு இருப்பா

சிவா (சுவிஸ்): அந்த டயர் மணக்கிற சாமானா??

தர்சன் (லண்டன்): நான் துப்பேல்லை விழுங்கிட்டன். இண்டைக்கும் பயம்

ராசன் மாமா (கிளி): அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கறுப்பு அதிமதுரம். உப்பு மாதிரி இருக்கிறது எங்கட கறியுப்பு இல்லை, அமோனியம் குளோரைட், அதாவது நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவை வைச்சிருப்பினமே அதே. ரெண்டும் சளிக்கு எங்கட வைத்தியத்தில பாவிக்கிறது. அங்கத்தைய நாடுகளிலயும் முந்தி மருந்துக்கடையிலதான் வித்தது, இப்ப நோர்வே, பின்லாந்து, சுவீடன், டென்மார்க் எல்லா இடமும் சின்னப் பிள்ளையள் இனிப்பெண்டு சாப்பிடுதுகள். ஆனா ஒண்டு, அதிமதுரம் கனக்கச் சாப்பிட்டா உடம்பில பொட்டாசியம் குறைஞ்சு பிறசர் ஏறும்

கலா (ரொறன்ரோ): அம்மாக்குப் பிறசர் இருந்ததுதானே

கலா (ரொறன்ரோ): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதன்: சின்னம்மா நான் வாசிச்சிட்டன்

வசந்தி: ஒரு நாளைக்கு ஒண்டுக்கு மேல நான் குடுக்கேல்லை சின்னம்மா. பெட்டித் திறப்பு என்ர இடுப்பிலதான். கிளினிக் கொப்பி இன்னும் என்னட்டக் கிடக்கு, மாசா மாசம் எழுதின பிறசர் எல்லாம் இருக்கு, பாக்கிறதெண்டா படம் எடுத்துப் போடுறன்

கலா (ரொறன்ரோ): நான் உன்னைச் சொல்லேல்லை

வசந்தி: அப்ப ஆரை

ராசன் மாமா (கிளி): ஒரு நாளைக்கு ஒண்டு ஒண்டும் செய்யாது. நான் சொன்னது பைக்கற் கணக்கில சாப்பிடுறவைக்கு. பொதுவான அறிவுக்குத்தான் எழுதினனான்

சுதன்: மாமா நீங்கள் பொதுவான அறிவைக் கொஞ்சம் குறைச்சா நல்லம்

நந்தன் (நோர்வே): அதின்ர பேர் டிர்கிஸ்க் பேபர். துருக்கி மிளகு எண்டு அர்த்தம். கடினமான இனிப்பு, உள்ளுக்குத் தூள் இருக்கும். லதாவுக்கு இவ்வளவு நாளும் தெரியாது அம்மா அதை வைச்சிருந்தது. அவ குழுவைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா

சுதன்: மாமி வணக்கம் 🙏

கலா (ரொறன்ரோ): வசந்தி ஐயருக்குத் தட்சணை எவ்வளவு எண்டு கேட்டனியே

மதி (மெல்பேர்ண்): கதையை மாத்துறா

தர்சன் (லண்டன்): திவசத்துக்கும் துண்டு அடிக்கிறியளோ? அடிச்சா இந்தமுறை எல்லாற்ற பேரும் இருக்கோ எண்டு பாருங்கோ. அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகத்தில லதா சித்தியின்ர பேர் விட்டது எனக்கே ஒரு மாதிரி இருந்தது

சிவா (சுவிஸ்): தர்சன் இதுக்குள்ள அது ஏன்

கலா (ரொறன்ரோ): அச்சகத்தில விட்டது. நான் எழுதிக் குடுத்தனான்

வசந்தி: பெட்டியைத் திறந்து பாத்தனான். நாலு கிடக்கு. ஒண்டு உடைஞ்சு பாக்கில ஒட்டிப்போட்டுது

லதா (நோர்வே): பழசை வைக்க வேண்டாம் வசந்தி, புதுப் பைக்கற் கொண்டு வாறன். ஜெலட்டின் இருக்கோ எண்டு இன்னும் பாக்கேல்லை, நாளைக்குக் கடையில வாசிச்சிட்டுச் சொல்லுறன். இருந்தா படையலுக்கு வேண்டாம், வெத்திலைப் பெட்டியைப் பக்கத்தில வைச்சாக் காணும்

வசந்தி: சரி மாமி ❤️

ராசன் மாமா (கிளி): ஜெலட்டின் இல்லாட்டி அதுக்குப் பதிலா மா, கருவேலம் பிசின் எண்டு ஏதாவது போட்டிருப்பினம். கருவேலம் பிசின் எண்டது

சுதன்: மாமா படங்கு

கலா (ரொறன்ரோ): டிக்கெற் மாத்த எவ்வளவு எடுப்பாங்கள் எண்டு விடிஞ்சாப் பிறகு கேக்கிறன். மாத்தேலாட்டி 24க்குப் பிறகு ஒரு விளக்காவது வைப்பம். அதுமட்டும் அந்தப் பெட்டியை எடுக்காதேங்கோ

கலா (ரொறன்ரோ): லதா 14க்கு கட்டுநாயக்காவில இருந்து எப்பிடி வாறியள், வான் பிடிச்சாச்சே

லதா (நோர்வே): இன்னும் இல்லை

சிவா (சுவிஸ்): அப்ப டொப்லரோன் அனுப்புறதா இல்லையா

சுதன்: அனுப்புங்கோ மாமா, வெட்டு மெசின்காரருக்குக் குடுக்கலாம்

சுதன்: மழை தொடங்கிட்டுது