ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்தால் செல் ஒட்டுதல் ஒரு தடவை கூடுகிறது, அடுத்த தடவை மாற்றமே இல்லை. ஏன்?

கேள்வி

செல்கள் என்.ஐ.எச் 3டி3 (சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட்). 96 குழித் தட்டில் செல்கள் பற்றிக்கொள்ளும் புரதமான ஃபைப்ரோநெக்டின் (10 மைக்ரோகிராம்/மி.லி.) பூசி, குழிக்கு 20,000 செல்கள், டி.எம்.இ.எம் வளர்ப்பு மீடியத்தில் 100 மைக்ரோமோலார் பெராக்சைடு, 30 நிமிடம், பிறகு ஒட்டிய செல்களை அளக்க கிரிஸ்டல் வயலட் சாயம். முடிவு தடவைக்குத் தடவை மாறுகிறது. 500-க்குப் போனால் செல்கள் உருண்டு கழன்றுவிடுகின்றன. 5 மில்லிமோலார் என்-அசிட்டைல் சிஸ்டீன் (ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி) கொடுத்தால் ஒட்டுதல் குறைகிறது. ஒட்டுவதற்கு ஆர்.ஓ.எஸ் (பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகள்) தேவை என்று இதை வைத்துச் சொல்லலாமா?

பதில் 1

முதலில் மீடியம் புட்டியின் லேபிளைப் பாருங்கள். பல டி.எம்.இ.எம் வகைகளில் 1 மில்லிமோலார் பைருவேட் இருக்கும். அது பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அசிட்டேட்டாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடும். நீங்கள் போடும் 100 மைக்ரோமோலாருக்கு அது பத்து மடங்கு. புட்டி மாறினால் முடிவும் மாறும். பைருவேட்டும் சீரமும் இல்லாமல், குளுக்கோஸ் சேர்த்த எச்.பி.எஸ்.எஸ் உப்புக் கரைசலில் செய்யுங்கள். கால்சியம், மெக்னீசியம் உள்ள வகையாக இருக்கட்டும். அவை இல்லாமல் இன்டெக்ரின் (செல் மேற்பரப்பில் உள்ள ஒட்டும் புரதம்) பிடிக்காது.

அடுத்தது பெராக்சைடு ஸ்டாக். எடைக்கு 30% கரைசல் ஏறத்தாழ 9.8 மோலார், திறந்து வைத்த புட்டி அதே அளவில் நிற்காது. 1000 மடங்கு நீர்த்து 240 நேனோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் (மோலார் உறிஞ்சல் குணகம் 43.6) சுமார் 0.43 வர வேண்டும். 0.3 வந்தால் அந்த எண்ணை வைத்தே கணக்கிடுங்கள்.

செறிவை மட்டும் எழுதினால் போதாது. 100 மைக்ரோலிட்டரில் 100 மைக்ரோமோலார் என்றால் 10 நேனோமோல். 20,000 செல்களுக்குப் பகிர்ந்தால் செல்லுக்கு 0.5 பிகோமோல். செல்கள் இரட்டித்தால் பங்கு பாதியாகிவிடும்.

பதில் 2

என்-அசிட்டைல் சிஸ்டீனை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது பெராக்சைடோடு மிக மெதுவாகத்தான் வினைபுரியும். நடுநிலையாக்காமல் போட்டால் மீடியம் அமிலமாகும். பீனால் ரெட் மஞ்சளாவது கண்ணுக்கே தெரியும். அதோடு அது டைசல்பைடு பிணைப்புகளை உடைக்கும். இன்டெக்ரின் பீட்டா3 துணை அலகில் மட்டும் 56 சிஸ்டீன்கள் உள்ளன, ஆர்.ஓ.எஸ்-க்குச் சம்பந்தமே இல்லாமல் ஒட்டுதல் குறைய அதுவே போதும். பெக்-கேட்டலேஸ் (பெராக்சைடைச் சிதைக்கும் நொதி) கொடுத்துப் பாருங்கள்; வெப்பத்தில் செயலிழக்கச் செய்த அதே நொதி கட்டுப்பாடாக இருக்கட்டும். ஆர்.ஓ.எஸ் உற்பத்தியைத் தடுக்கப் பயன்படுத்தும் டி.பி.ஐ-யையும் நம்ப வேண்டாம், அது பல ஃபிளேவோ நொதிகளையும் (ஃபிளேவின் கொண்டவை) தடுக்கும்.

பதில் 3

ஒட்டுதலின் அளவோடு நிறுத்தாமல் சிக்னலையும் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. இன்டெக்ரின் ஃபைப்ரோநெக்டினைப் பற்றியதும் ராக்1 என்ற சிக்னல் புரதம் வழியாக ஆக்சிஜனேற்றிகள் உருவாகின்றன. குறைந்த மூலக்கூறு எடை டைரோசின் பாஸ்படேஸில் (புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) 12-ஆம், 17-ஆம் சிஸ்டீன்கள் டைசல்பைடாகப் பூட்டிக்கொள்ள, நொதி தற்காலிகமாக நின்றுவிடுகிறது. அதனால் எஃப்.ஏ.கே என்ற ஒட்டுதல் சிக்னல் கைனேஸின் பாஸ்பேட் கழற்றப்படாமல் தங்குகிறது. குளுட்டதயோன் வந்து பூட்டைத் திறந்ததும் நொதி மீண்டும் வேலை செய்யும். சிறிய அளவு ஒட்டுதலைக் கூட்டி, பெரிய அளவு செல்லைக் கழற்றுவதில் முரண் இல்லை: முதலாவது திரும்பக்கூடிய பூட்டு, இரண்டாவது வெறும் சேதம்.

செல்களை டிரிப்சினுக்குப் பதில் ஈ.டி.டி.ஏ-வில் எடுத்து, 45 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஃபைப்ரோநெக்டினில் போடுங்கள். 10, 20, 40 நிமிடங்களில் எஃப்.ஏ.கே 397-ஆம் டைரோசினின் பாஸ்பேட்டுக்கு வெஸ்டர்ன் பிளாட் எடுங்கள்.

பலர் சறுக்குவது லைசிஸில்தான் (செல்லை உடைக்கும் கட்டம்). பஃபரில் டி.டி.டி (டைசல்பைடை உடைக்கும் ஒடுக்கி) இருந்தால் டைசல்பைடு அங்கேயே திறந்துவிடும், ஆக்சிஜனேற்றமே இல்லை என்று தோன்றும். ஆக்சிஜனேற்றம் பார்க்கும் தட்டுக்கு டி.டி.டி வேண்டாம்; புதிதாகக் கரைத்த 20 மில்லிமோலார் என்-எத்தில் மேலிமைடு (தனித்திருக்கும் சிஸ்டீன்களை அடைப்பது) போடுங்கள். பிளாட்டுக்கான தட்டில் வனடேட் (பாஸ்படேஸ் தடுப்பி) வேண்டும், ஆனால் அதற்குமுன் மீதிப் பெராக்சைடைக் கழுவிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பெர்வனடேட் உண்டாகி பாஸ்படேஸ்கள் மொத்தமாக முடங்கும், பட்டை எல்லாம் கருத்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பெராக்சைடை ஒரே தடவையாக ஊற்றாமல் கொடுக்க வழி உண்டா?

பதில் 1

குளுக்கோஸ் ஆக்சிடேஸ். கரைசலில் உள்ள குளுக்கோஸிலிருந்தே தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெராக்சைடு வரும். எவ்வளவு வருகிறது என்பதைச் செல் இல்லாத குழியில் ஆம்ப்ளெக்ஸ் ரெட் (பெராக்சைடை அளக்கும் சாயம்) வைத்து முதலில் அளந்துவிட்டு நொதி அளவை முடிவு செய்யுங்கள்.