அப்பாவோடு போட்டில் ஸ்மோல்மவுத் மீன் பிடிக்க எந்த ஏரி நல்லது? (நடக்கச் சிரமம், ரொறன்ரோவிலிருந்து)

ஸ்காபரோ_சுதன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. பாரிசவாதம் வந்தபின் இடது கையும் காலும் பலம் குறைவு. வோக்கர் பிடித்து நடப்பார். ஒரு படி ஏறி இறங்க ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஸ்மோல்மவுத் பாஸ் மீன் என்றால் மனிசனுக்குப் பைத்தியம். லார்ஜ்மவுத் என்ற மற்றப் பாஸ் வகையைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்.

போன ஆகஸ்டில் ஹாலிபர்டன் பக்கம் ஒரு கொட்டேஜ் எடுத்தோம். "படியில்லை, டொக்கில் (படகுத்துறையில்) போட் நிற்கும்" என்றார்கள். போய்ப் பார்த்தால் டொக் எங்கேயோ மேலே, போட் இடுப்பளவு கீழே. கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து, நாங்கள் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை எங்கே போகலாம்? சிம்கோ ஏரியில் பெரிய மீன் என்கிறார்கள். மச்சானிடம் 16 அடி அலுமினியம் போட் இருக்கிறது.

கவார்த்தாக்காரன்:
தம்பி, கொட்டேஜ்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஜூனில் பார்த்ததைச் சொல்லியிருப்பார். ஹாலிபர்டனில் பல ஏரிகள் ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் தேக்கங்கள். வசந்தத்தில் நிரப்பி, கோடை முழுக்கக் கீழே திறந்துவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டெம்பரில் சில ஏரிகளில் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கிவிடும். டொக் தூண் நாட்டிக் கட்டியது என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும், போட் தண்ணீரோடு கீழே போகும்.

அந்தத் தண்ணீர் வந்து சேரும் கால்வாய் ஏரிகளில் கதை வேறு. ரைஸ், ஸ்டோனி, பல்சம், ஸ்டர்ஜன் எல்லாம் படகுப் பாதை. கோடை முழுக்க மட்டத்தை அதிகம் மாறவிட மாட்டார்கள். அப்பாவுக்கு ஏரி தேடும்போது முதலில் டொக், பிறகு காற்று, மூன்றாவதாகத்தான் மீன்.

பரி_பாஸ்:
மீனைக் கடைசியில் வைத்தால் எப்படி அண்ணா! சிம்கோதான் சரி. 2004 அளவில் பெஃபர்லோ ஆற்றில் ரவுண்ட் கோபி என்ற குட்டி மீன் வந்து சேர்ந்தது. பிறகு அது ஏரிக்குள் பரவி, ஸ்மோல்மவுத் எல்லாம் அதைத் தின்று கொழுத்துக் கிடக்கின்றன. ஐந்து இறாத்தல் மீன் அங்கே அதிசயமில்லை.

கவார்த்தாக்காரன்:
மீன் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் சிம்கோ 720 சதுர கிலோமீட்டருக்கு மேல். மத்தியானம் மேற்குக் காற்று எழும்பினால் 16 அடி அலுமினியம் போட்டில் கால் பலமுள்ளவனே பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் முதுகில் அடி விழும். பாரிசவாதம் வந்தவரை அதில் ஏற்றாதீர்கள். ஆசையென்றால் ஒரிலியாவில் இறங்கி வடக்கே கூச்சிச்சிங் ஏரிக்குள் போங்கள். சிறியது, ஸ்மோல்மவுத்தும் உண்டு.

வாணி_பீற்றர்பறோ:
என் கணவர் சக்கர நாற்காலியில்தான் வருவார், அதனால் சொல்கிறேன். அலுமினியம் போட்டை மச்சானிடமே விட்டுவிடுங்கள். பக்கச் சுவருக்கு மேலால் காலைத் தூக்கி வைக்க வேண்டும், உள்ளே தரையும் சமமில்லை. பொன்டூன் போட் (மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் வைத்தது) வாடகைக்கு எடுங்கள். சமதளத் தரை, பக்கத்தில் வாசற்கதவு. மிதக்கும் டொக் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும், ஒரு சிறு பலகை போதும்.

போன் பண்ணும்போது "வசதி இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். டொக் மிதப்பதா, கார் நிறுத்தும் இடத்திலிருந்து டொக் வரை மணலா சரளைக்கல்லா, போட் வாசல் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். வாசலை அளந்து சொல்லச் சொல்லுங்கள். வோக்கரின் அகலம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கழிவறையையும் மறக்காதீர்கள். எங்கள் பயணத்தை எப்போது முடிப்பது என்று தீர்மானிப்பதே அதுதான்.

ஸ்காபரோ_சுதன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. மட்டம் இறங்கும் விசயம் யாருமே சொல்லவில்லை. சரி, பொன்டூன்தான். ரைஸா, ஸ்டோனியா? அப்பாவுக்கு மீன்பிடி லைசன்ஸ் வேண்டுமா? ஒரு கையால் தூண்டில் ரீலை எப்படிச் சுற்றுவார்?

கவார்த்தாக்காரன்:
ரைஸ் உங்களுக்குக் கிட்ட, வாடகைக்குப் போட் கிடைப்பதும் சுலபம். ஆனால் ஆழம் குறைவு, பெரும்பாலும் பாசி, லார்ஜ்மவுத் ராச்சியம். ஸ்மோல்மவுத்துக்குக் கரையோர ஊரான ஹார்வுட் பக்கம் பாருங்கள். 1854இல் ஏரிக்குக் குறுக்கே ரயில் பாதை போட்டார்கள், பனிக்கட்டி தள்ளித் தள்ளிப் பாலம் நிலைக்கவில்லை. அந்தப் பாதைக்குப் போட்ட கல் அணை இன்னமும் தண்ணீருக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஸ்மோல்மவுத் நிற்கும். மேலே ஏறினால் மோட்டார் விசிறி போய்விடும், மிதவைகளைப் பார்த்துத் தள்ளியே நில்லுங்கள்.

ஸ்டோனி தூரம் அதிகம், ஆனால் என் வோட்டு அதற்குத்தான். கருங்கல் தீவுகள் நிறைய. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரு தீவுக்குப் பின்னால் ஒதுங்கலாம், அங்கேயே பாறையும் மீனும் இருக்கும். பாறை மோட்டாருக்கும் எதிரி, வரைபடம் இல்லாமல் சிவப்பு, பச்சை மிதவைப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

65க்கு மேற்பட்ட ஒன்ராறியோவாசி லைசன்ஸ் வாங்கத் தேவையில்லை, அரசாங்க அடையாள அட்டை போதும். எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. நீங்கள் தூண்டில் போடுவதென்றால் உங்களுக்கு வேண்டும்.

பரி_பாஸ்:
சுற்றுவதற்கு: ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடி வழக்கமாக இடப்பக்கம் இருக்கும். கழற்றி வலப்பக்கம் மாட்டலாம், ஒரு நிமிட வேலை. பொன்டூன் கம்பியில் பூட்டும் தூண்டில் தாங்கி ஒன்று வாங்கி, அவருக்கு இடப்பக்கமாகப் பூட்டுங்கள். தூண்டில் அதில் இருக்கட்டும், அவர் வலக்கையால் சுற்றட்டும். வீசவும் வேண்டாம். டிராப் ஷொட் கட்டி நேரே கீழே விடுங்கள். ஈயம் அடியில் நிற்கும், இரை ஓரடி மேலே ஆடும். யூலை வெயிலில் மீன் 15, 20 அடி ஆழத்துக்கு இறங்கியிருக்கும், நேர்கீழே போடுவதுதான் அப்போது சரியும்கூட.

வாணி_பீற்றர்பறோ:
காற்று நிரப்பும் லைஃப் ஜாக்கெட் வேண்டாம், கயிறு இழுத்தால் ஊதும் வகை பலமில்லாத கைக்கு ஆபத்து. நுரை வைத்தது போடுங்கள், டொக்குக்கு வரும்போதே போட்டிருக்கட்டும். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் கதிரையோடு பெல்ட் போட்டுக் கட்டவே கூடாது. போட் கவிழ்ந்தால் கதிரையும் சேர்ந்து இழுக்கும்.

ஸ்காபரோ_சுதன்:
ஸ்டோனியில் இரண்டு இடத்துக்குப் போன் பண்ணினேன். ஒன்றில் டொக் தூண் நாட்டியது. மற்றதில் மிதக்கும் டொக், வாசல் 30 அங்குலம் என்று அளந்தே சொன்னார்கள். யூலையில் ஒரு புதன்கிழமைக்குப் பதிந்துவிட்டேன். பிடித்ததைத் திருப்பி விட வேண்டும் என்று மட்டும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கவார்த்தாக்காரன்:
ஏன் விட வேண்டும்? அளவுக்குள் ஒன்றிரண்டு குழம்புக்கு வைக்கலாம். எந்த ஏரியில் எந்த அளவு மீனை எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசின் வழிகாட்டி இருக்கிறது, ஸ்டோனியைப் போட்டுப் பாருங்கள். பெரிய மீனில் பாதரசம் கூட, அதை விட்டுவிட்டுச் சின்னதை வையுங்கள். காலை எட்டு மணிக்கே போட்டை எடுத்துவிடுங்கள். பத்துக்குப் பிறகு தண்ணீர்ச் சறுக்குக்காரர்கள் வந்து அலை கிளப்புவார்கள்.